இடது பக்கச் செயின்

இல்ல அத்தான், எஞ்சினைப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலையே. எஞ்சின் நல்லாத்தான் உறுமுது, காலையில எங்க அக்கா உங்களை எழுப்புற மாதிரி. சக்கரம்தான் நகர மாட்டேங்குது. எட்டுச் சக்கரம் இருக்கு, ஒண்ணுக்குக்கூட மனசு வரல.

கேக்குதா? ஓவர்.

ம், இப்பக் கேக்குது. கரகரன்னுதான் இருக்கும். ரேடியோவை பேட்டரியோட தூக்கிட்டு வந்து கரையில வச்சிருக்கோம். ஏரியல் கம்பியைத் துடுப்புல சுத்தி நட்டு வச்சிருக்கு. கூடாரத்துல உக்காந்து பேசினா வண்டி தெரியாது. வண்டிக்குள்ள தலையை விட்டா நீங்க சொல்றது கேக்காது. அதான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல இழுத்து வச்சுக்கிட்டேன்.

ஐயோ, அதைத்தானே முதல்லயே சொன்னேன். பாதிதான் கேட்டுச்சா? சரி, திரும்பச் சொல்றேன், குறுக்க பேசாமக் கேளுங்க. எல்மர் ஐஸ் மேல மாட்டிக்கிட்டார். ஆமா, என் வீட்டுக்காரர்தான். வேற எந்த எல்மரு?

விடியறதுக்கு முன்னாடியே நரிமுனைக்கு வெளிய இருக்கிற பாறைத் திட்டுக்கு வாத்து சுடப் போனது. போறப்ப ஐஸ் தாங்கியிருக்கு. பொழுது ஏறவும் காத்து கிழக்கால இருந்து அடிக்க ஆரம்பிச்சிருச்சு. கரைக்கும் திட்டுக்கும் நடுவுல ஐஸ் விட்டுப் போச்சு. திரும்பி வரப் பாத்ததுல பனிவண்டி உள்ள போயிருச்சு. ஆள் தாவி மேல ஏறியாச்சு. நனைஞ்சுதா இல்லையான்னு இங்கேருந்து தெரியல. திட்டு மேல தரைதட்டி ஒரு பெரிய ஐஸ் பாளம் நிக்குது பாருங்க, அது மேல. பைனாகுலர்ல தெரியுது. கடல் ஏறிக்கிட்டு இருக்கு அத்தான். இன்னும் கொஞ்சம் ஏறினா அந்தப் பாளம் மிதக்க ஆரம்பிச்சிரும். இந்தக் காத்துக்கு நேரா மேற்கால போயிரும். மேற்கால என்ன இருக்கு? தண்ணிதான் இருக்கு. வேற ஒண்ணும் இல்ல.

சொல்லியாச்சு. ஹெலிகாப்டருக்கு முதல்லயே சொல்லியாச்சு. அவங்க பக்கம் மூடுபனியாம். விலகினாத்தான் தூக்குவாங்களாம். இங்க வானம் கழுவி விட்ட மாதிரி கிடக்கு. அங்க பேசுற பையன் என்கிட்ட பொறுமையா இருங்கம்மான்னு சொல்றான்.

தோணி இருக்கு. பாத்தாச்சு. நடுவுல பாதி ஐஸ், பாதி தண்ணி, மீதி கஞ்சி மாதிரி ஒண்ணு. தோணியைத் தள்ளினா கஞ்சி பிடிச்சுக்குது. இறங்கி நடந்தா இடுப்பு வரைக்கும் போகுது. ரெண்டுலயும் போறது என் வண்டி ஒண்ணுதான். இந்தப் பியூலா குளிக்கிற தொட்டிக்குச் சக்கரம் மாட்டி வேட்டைக்குப் போறான்னு ஊரைக் கூட்டிச் சிரிச்சீங்கல்ல? அந்தத் தொட்டிதான் இப்ப வேணும். அதான் உங்களைக் கூப்பிட்டேன், உங்க அழகுக்காக இல்ல.

சொல்றேன் சொல்றேன். கரையில இருந்து இறங்கிச் சேத்துல போய்க்கிட்டு இருந்தேன். ஒதுங்கிக் கிடந்த ஒரு கட்டை மேல ஏறி இறங்குச்சு. உள்ளுக்குள்ள டங்குன்னு ஒரு சத்தம், அப்புறம் சட்டிக்குள்ள ஆணியைப் போட்டுக் குலுக்கின மாதிரி கொஞ்ச நேரம். நின்னுருச்சு. கயித்தைக் கட்டி எல்லாருமா இழுத்துக் கரையில போட்டோம். அதுக்கப்புறம் கியர் விழுது, எஞ்சின் கத்துது, வண்டி அசைய மாட்டேங்குது. ஆனா ஒண்ணு அத்தான். இடது லீவரை முழுசா இழுத்துப் பிடிச்சா நகருது. நேரா இல்ல. நாய் தன் வாலைத் துரத்துமே, அப்படி இடது பக்கமாவே சுத்துது. லீவரை விட்டா நின்னுருது. வலது லீவரை இழுத்தா ஒண்ணுமே இல்ல.

ஸ்டியரிங் போச்சுன்னு நினைச்சேன். வேற என்ன நினைப்பாங்க? லீவரை இழுத்தாத்தானே எல்லாம் நடக்குது. லீவரை இழுத்தாப் பிடிக்கிற அந்த பிரேக்குக்கு எண்ணெய் ஊத்தினேன், லீவர் கம்பியை இறுக்கினேன், தகட்டைத் துடைச்சேன். நேரம் போனதுதான் மிச்சம்.

திட்டாதீங்க. அப்புறம் திட்டுங்க. உக்காந்து நாள் பூரா திட்டுங்க, நான் டீ போட்டுத் தரேன்.

என்னது? பிரேக் நல்லா இருக்கிறதாலதான் நகருதா? மெதுவா சொல்லுங்க, என் மரமண்டைக்கு ஏறணும். இடது பக்கம் செயின் அறுந்திருக்கு. அதனால எஞ்சினோட பலம் பூரா அந்த வெறும் பக்கமா ஓடி வீணாப் போகுது. சரி. ஒரு பக்கம் ஓட்டை விழுந்த பைப்பு மாதிரி. சரி. இடது லீவரை இழுத்தா அந்த ஓட்டையை அடைச்ச மாதிரி. பலத்துக்குப் போறதுக்கு வேற வழியில்ல, வலது பக்கம் போயிருது. வலது சக்கரம் மட்டும் தள்ளினா வண்டி இடதாலதான் சுத்தும். அட ஆமா. இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? நான் இப்பத்தான் கூப்பிட்டேனா? அதுவும் சரிதான்.

அப்ப ஸ்டியரிங்கைத் தொடவே வேணாம். கேட்டுச்சா, அந்த எண்ணெய் டப்பாவைத் தூரப் போடு. உங்ககிட்ட இல்ல அத்தான், பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட.

யாரா? பக்கத்துக் கூடாரத்து ஆளுங்கதான். கயிறு பிடிக்க வந்தவங்க. அவங்க கையெல்லாம் கரடிக் கை, அந்தச் சந்துக்குள்ள போக மாட்டேங்குது. என் கைதான் போகுது. சின்ன வயசுல மீன் தொண்டையில கைய விட்டுத் தூண்டில் எடுக்க என்னைத்தான் கூப்பிடுவாங்க, அக்கா சொல்லியிருப்பா.

நடுத் தகட்டைக் கழட்டணுமா. சரி. இருங்க.

ரெண்டு போல்ட் வந்துருச்சு. மூணாவது துருப்பிடிச்சு நிக்குது. அத்தான், கோடாலியால அந்த மூலையை நிமிர்த்திரட்டுமா? தகடு போனாப் போகுது. ம். நிமிர்த்துங்க. இன்னும். போதும் போதும், மடங்கட்டும்.

உள்ள தண்ணி நிக்குது. சேறு, வாத்து இறகு, யாரோ கடிச்சுப் போட்ட ரொட்டி. கைய விடுறேன். ஐயோ, ஊசி மாதிரி குத்துது.

இருக்கு. செயின் இருக்கு அத்தான், தொட்டியோட அடியில பாம்பு மாதிரி படுத்துக் கிடக்கு. ஒரு முனை வந்துருச்சு. இன்னொரு முனை... இருங்க... வந்துருச்சு. முழுசா இருக்கு. நடுவுல எங்கயும் ஒடையல. ரெண்டு முனையையும் கோக்குற செயின் லாக்தான் போயிருக்கு. லாக் இருந்த இடம் வெறுமனே இருக்கு.

இல்ல, கிடைக்காது. தண்ணியில துழாவிட்டேன். கட்டை மேல ஏறின இடத்துலயே போயிருக்கும். புது லாக்கா? என் கூடாரத்துல மாவு இருக்கு, டீத்தூள் இருக்கு, தோட்டா இருக்கு, முயல் பிடிக்கிற சுருக்குக் கம்பி இருக்கு. லாக் இல்ல. நீங்க போன இலையுதிர் காலத்துலயே சொன்னீங்க, ஆமா. கைவசம் ரெண்டு வச்சிருன்னு சொன்னீங்க. நான் வாங்கல. போதுமா?

ஒரு நிமிஷம், பைனாகுலரை எடுத்துக்கிறேன்.

நிக்குது. ஆள் நிக்குது. முன்ன உக்காந்திருந்துச்சு, இப்ப எழுந்து நிக்குது. பாளத்துக்குக் கடல் பக்கம் தண்ணி வெள்ளையா அடிக்குது. சொல்லுங்க அத்தான். லாக் இல்லாம என்ன பண்றது, சொல்லுங்க.

அழல. மூக்கு ஒழுகுது. குளிருக்கு ஒழுகாதா?

என்ன சொன்னீங்க? என்னைக் கட்டியிருந்தா நீங்களே இப்ப ஐஸ் மேல நின்னிருப்பீங்களா? உங்க தொப்பைக்கு அந்தப் பாளம் எப்பவோ முழுகியிருக்கும் அத்தான். எல்மர் ஒல்லி, அதான் தாங்குது.

ஆமால்ல. யாருமே சிரிக்கல. மத்த நாள்ல நாம ரெண்டு பேரும் வாயைத் திறந்தாலே ஜேம்ஸ் விரிகுடா கரை முழுக்க ஒவ்வொரு முகாம்லயும் பட்டனை அழுத்தி அழுத்திச் சிரிப்பாங்க, நடுவுல புகுந்து நாலு பேச்சு விடுவாங்க. எல்லாரும் வேட்டைக்குப் போயிருப்பாங்க. காத்து மாறியிருக்குல்ல, வாத்து தாழப் பறக்கும். அதை விடுங்க. லாக்.

பின் ஆக்சிலா? சரி. கடைசிச் சக்கரத்துக்குப் போற செயின். அதுலயும் அதே அளவு லாக்தானா? நிச்சயமா? என் வண்டி பழசு, அதனால எல்லாம் ஒரே அளவு. பழசுக்கும் ஒரு நல்ல காலம். அப்ப அதைக் கழட்டி இதுல போடணும். கடைசிச் சக்கரம் சும்மா உருண்டுட்டு வரும். வரட்டும், வீட்டு ஆம்பளைங்க மாதிரி.

பின்னால போறேன். மைக்கைத் தோள்ல இடுக்கிக்கிட்டேன், அதனால நடுவுல துணி கிழியற மாதிரி சத்தம் வந்தா பயப்படாதீங்க. குறடு. அந்த மூக்கு நீளமான குறடு, அது. வெளிச்சத்தை இப்படிக் காட்டு. இப்படி.

இந்த லாக்குல ஒரு கிளிப்பு இருக்கு, மீன் வாய் மாதிரி. திறந்த பக்கத்துல இருந்து தள்ளணுமா, மூடின பக்கத்துல இருந்தா? சரி. தள்ளுறேன். தெறிச்சுறக் கூடாது, கடவுளே, தெறிச்சுறக் கூடாது.

வந்துருச்சு! கிளிப்பு என் வாயில இருக்கு. பல்லுக்கு நடுவுல. அதான் பேச்சு இப்படி வருது. லாக்கும் வந்துருச்சு.

இருமினது யாரா? யாரோ இருமினாங்க. நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்கல்ல பாவம்.

இப்ப முன்னால. செயினைப் பல்சக்கரத்து மேல போட்டாச்சு. ரெண்டு முனையும் சேர மாட்டேங்குது அத்தான். ஒரு விரல் இடைவெளி நிக்குது. இழுக்கிறேன், வழுக்குது. விரல்ல உணர்ச்சியே இல்ல. இழுக்கிறேன்... இல்ல. இழுக்கிறேன்... இல்ல!

கத்தாம? நீங்க அங்க அடுப்புப் பக்கத்துல உக்காந்துக்கிட்டுக் கத்தாதேன்னு சொல்லுங்க.

மன்னிச்சுருங்க. சொல்லுங்க. செயினை இறுக்கிப் பிடிக்கிற கட்டையை முதல்ல தளர்த்தணுமா. எங்க இருக்கு அது? அடியில, கறுப்பா, வழுவழுன்னு. ம். அதோட போல்ட்டை அரைச் சுத்து. சரி. அப்புறம் சுருக்குக் கம்பியை ரெண்டு முனையிலயும் கோத்து முறுக்கி முறுக்கி இழுக்கணும். அட, முயலுக்கு வச்ச கம்பி. இந்த யோசனை எனக்கு வந்திருக்கணும், நான்தானே முயல் பிடிக்கிறவ.

முறுக்குறேன். நெருங்குது. இன்னும் நெருங்குது.

என்ன கேட்டீங்க? வின்னியா?

ரெண்டு நாளா போனை எடுக்கலையா. தெற்க நர்ஸ் படிப்புன்னா சும்மாவா அத்தான், பரீட்சையா இருக்கும். ராத்திரி பூரா படிச்சுட்டு பகல்ல தூங்குவா. உங்க பொண்ணு தூங்கினா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா, உங்களுக்குத் தெரியாததா? எடுப்பா. எடுப்பா அத்தான். இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? கம்பியை எத்தனை முறுக்கு முறுக்கணும்னு சொல்லுங்க.

சேந்துருச்சு. ரெண்டு முனையும் சேந்துருச்சு. லாக்கை உள்ள தள்ளுறேன். ஒரு பின் போயிருச்சு. இன்னொண்ணு... போயிருச்சு. மேல தகடும் போட்டாச்சு. இப்ப கிளிப்பு. மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பாத்து இருக்கணும். ஞாபகம் இருக்கு, நீங்க போன வருஷம் சொன்னது. வாயில இருந்து எடுக்கிறேன். குறட்டுல பிடிக்கிறேன்.

அத்தான்.

விழுந்துருச்சு. கிளிப்பு தண்ணியில விழுந்துருச்சு. குறட்டுல இருந்து வழுக்கி... தெரியல, எங்கன்னு தெரியல. எல்லாரும் கைய விட்டுத் தேடாதீங்க, சேறு கலங்குது! நகருங்க! நகருங்கன்னு சொல்றேன்ல!

அத்தான், இருக்கீங்களா? ஏதாவது பேசுங்க. என்ன வேணா பேசுங்க.

ம்.

ம். மூச்சு விடுறேன். விட்டுட்டேன்.

கிளிப்பு இல்லாமயா? பின்னோட தலையில காடி வெட்டியிருக்கும், அதுல சுருக்குக் கம்பியை எட்டு மாதிரி சுத்தி முறுக்கணும். சரி. முனையை உள்பக்கமா மடக்கணும், எதுலயும் மாட்டாம. பித்தளைக் கம்பிதான் அத்தான், சுலபமா வளையற கம்பி. எவ்வளவு தூரம் தாங்கும்? தெரியாதா. போறதுக்குத் தாங்குமா? வர்றதுக்கு? நீங்க சும்மாவாச்சும் தாங்கும்னு சொல்லியிருக்கலாம். இல்ல, சரிதான். பொய் சொல்ல வேணாம். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, எனக்குத் தெரியும்.

சுத்திட்டேன். ரெண்டு சுத்து. மூணு போட இடம் இல்ல. மடக்கிட்டேன். இறுக்குற கட்டையைத் திரும்ப மேல தள்ளி போல்ட்டை முடுக்கியாச்சு. செயினை விரலால அமுக்கினா கொஞ்சமா அமுங்குது. அவ்வளவுதான் அமுங்கணுமா? நல்லது. தொங்கினா பல்சக்கரத்து மேல தாவும், ரொம்ப இறுகினா கம்பி வெட்டுப்படும். சரி. சரி.

தகட்டை மூடல, அப்படியே இருக்கட்டும். போற வழியில பாத்துக்கிட்டே போறேன்.

ஸ்டார்ட் பண்றேன். பின்னால நிக்காதீங்க யாரும்.

போகுது! அத்தான், போகுது! நேரா போகுது! லீவரைத் தொடல, நேரா போகுது! கேக்குதா உங்களுக்கு, அந்தச் சத்தம்? உங்க முத்தத்தை அக்காகிட்ட வாங்கிக்குங்க, என்னால இப்ப முடியாது.

இருங்க, நிறுத்திட்டேன். சொல்லுங்க. சந்தோஷப்படக் கூடாதா, சரி, படல.

வலதுபக்கம் திருப்பக் கூடாது. ஏன்? வலது லீவரை இழுத்தா பலம் பூரா இடது செயின் மேல வந்து விழும். கம்பி அறுந்துரும். திருப்பணும்னா இடதால சுத்தி வரணும், அதுவும் லீவரைச் சுண்டி இழுக்காம கொஞ்சங் கொஞ்சமா. ஐஸ் மேல ஏறும்போது முக்கக் கூடாது. ஓரம் சரிவா இருக்கிற இடமாப் பாத்து ஏறணும். தண்ணியில பயம் இல்ல, தண்ணியில சக்கரம் லேசாத்தான் சுத்தும்.

அறுந்துட்டா? அறுந்துட்டா இடது லீவரை முழுசா இழுத்துப் பிடிச்சுக்கணும், விடவே கூடாது. வலது பக்கம் தள்ளும். சுத்தாம இருக்கணும்னா வலது பின்மூலையில கயித்துல ஒரு கட்டையைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போகணும். கட்டை அந்தப் பக்கத்தைப் பின்னால பிடிச்சுக்கும், வண்டி ஓரளவு நேரா வரும். கட்டை இருக்கு. எது மேல ஏறி செயின் போச்சோ அந்தக் கட்டையையே கட்டிக்கிறேன். அதுக்கும் ஒரு வேலை கொடுத்த மாதிரி இருக்கும்.

தனியாத்தான். மூணு பேர் ஏறினா அடி ஐஸ்ல இடிக்கும். திரும்பி வரும்போது ரெண்டு பேரு ஆகணும்ல.

என்ன ஓட்டை? அடியில தண்ணி வடியற ஓட்டை. மூடியா? மூடி... ஐயோ. ஐயோ அத்தான். திறந்துதான் இருக்கு. தண்ணி வடியட்டும்னு இப்பத்தான் திறந்து விட்டேன். அப்படியே போயிருப்பேன். பாதியில முழுகியிருப்பேன். மூடி எங்க? கல்லு மேல வச்சேன். இந்தா. போட்டாச்சு. ரெண்டு கையாலயும் திருகிட்டேன். வேற ஏதாவது மறந்தேனா? நினைச்சுப் பாருங்க. நல்லா நினைச்சுப் பாருங்க.

கயிறு இருக்கு. துடுப்பு இருக்கு. போர்வை இருக்கு. சூடா டீ பிளாஸ்க்ல இருக்கு. குறடு இடுப்புல இருக்கு. கம்பி கழுத்துல மாட்டியிருக்கேன், மாலை மாதிரி.

வேணாம், நீங்க வர வேணாம். உங்களுக்கும் எங்களுக்கும் நடுவுல ரெண்டு ஆத்துல ஐஸ் உடைஞ்சு கிடக்கு. எதுல வருவீங்க? ரேடியோகிட்டயே இருங்க. சத்தியமா இருங்க. பெரிய உதவி பண்ணிட்டீங்க அத்தான். இனிமே உங்களைக் கிண்டல் பண்ண மாட்டேன்னு சொல்லணும்தான். வாய் வர மாட்டேங்குது.

சரி, நான் கிளம்பறேன். மைக்கை எல்மர்கிட்ட கொடுக்கிறேன். இங்கேருந்து பைனாகுலர்ல பாத்துப் பாத்து அவர் உங்களுக்குச் சொல்வார்.

ஆமா, எல்மர்தான்.

இங்கதான் நிக்கிறார். என் பக்கத்துல. இவ்வளவு நேரமும் இங்கதான் நின்னார், வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன்.

ஐஸ் மேல நிக்கிறது வின்னி அத்தான்.

பட்டனை விடுங்க. அத்தான், பட்டனை விட்டாத்தான் நான் சொல்றது கேக்கும். விடுங்க.

முந்தாநேத்து, ஆத்து ஐஸ் உடையறதுக்கு முன்னாடி, கடைசிப் பனிவண்டியில வந்தா. பரீட்சை முடிஞ்சிருச்சாம். உங்களுக்குச் சொல்லாம வாத்தோட வந்து வாசல்ல நிக்கணும்னு ஆசை. ரேடியோவுல யாரும் என் பேரைச் சொல்லக் கூடாதுன்னு எங்களை எல்லாம் மிரட்டி வச்சிருந்தா. காலையில நாங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே எல்மரோட பனிவண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அவ்வளவுதான். தப்பு யார் மேலயும் இல்ல, ஐஸ் மேலதான்.

கரை முழுக்கத் தெரியும். காலையில நான் ரேடியோவுல கத்தினதை எல்லா முகாமும் கேட்டுச்சு. நீங்க கராஜுல இருந்தீங்க. அதான் இன்னிக்கு யாரும் நடுவுல வரல. எல்லாரும் ரேடியோ முன்னால உக்காந்து வாயைப் பொத்திக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. நான் கிண்டல் பண்ணாமப் பேசியிருந்தா உங்களுக்குப் புரிஞ்சு போயிருக்கும். புரிஞ்சிருந்தா அந்தச் செயின் இன்னும் தண்ணிக்குள்ளதான் கிடந்திருக்கும். நீங்க ஆத்துல குதிச்சிருப்பீங்க.

இல்ல அத்தான், என் யோசனை இல்ல. எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. காலையில நான் கத்தினப்போ உங்க வீட்டுல ரேடியோகிட்ட இருந்தது அக்காதான். அவதான் சொன்னா. எல்மர் பேரைச் சொல்லு, அவர் கையும் புத்தியும் நிதானமா இருக்கட்டும், வண்டி ஓடினப்புறம் சொல்லிக்கலாம்னு. முகத்தைக் கழுவிட்டு வந்து, உங்க கொழுந்தியா வண்டி கெட்டுப் போச்சாம்னு உங்களைக் கராஜுல இருந்து கூட்டிட்டு வந்தவ அவதானே.

இன்னும் நிக்கிறா அத்தான், வின்னி. வண்டிச் சத்தம் கேட்டிருக்கும். கைய ஆட்டுறா. நான் போறேன்.

அக்கா உங்க முதுகுக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டு இருப்பா. ரொம்ப நேரமா நிக்கிறா. திரும்பி அவளைப் பிடிச்சுக்குங்க.

இந்தாங்க எல்மர்.